டிஸ்சார்ஜ் ஆன பிறகு: நெஞ்சுவலி, மாரடைப்பு, பக்கவாத மாத்திரைகளை வீட்டில் ஒழுங்குபடுத்த முழுமையான வழிகாட்டி

மாரடைப்பாக இருக்கட்டும், பக்கவாதமாக இருக்கட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பை நிறைய மாத்திரை இருக்கும். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மாத்திரை போட மறந்துபோவதால் வரும் தொல்லை குறைவுதான். ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது, நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்துவது, அவசரத்துக்கு உரியதையும் தினசரிக்கு உரியதையும் மாற்றிப் போடுவது, இவற்றால் வருவதுதான் அதிகம்.

எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் மருத்துவரின் முடிவு. அவர் எழுதியதை வீட்டில் பிசகாமல் நடத்துவதற்கான வரிசை இது. முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பின்னால் வரும் எல்லாம் அவற்றை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில், ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக் குழாய்) வைத்திருந்தால் அதற்கான அட்டை, ஒரு நோட்டு, கையில் கட்டும் பட்டையுள்ள பி.பி. கருவி. இவற்றோடு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எல்லா மாத்திரைகளும் வேண்டும். ஃபிரிட்ஜ் மேல், கைப்பை, சாமி அலமாரி என்று எங்கெங்கே கிடக்கிறதோ அத்தனையையும் ஒரே மேசைக்குக் கொண்டு வாருங்கள்.

1. மருந்தின் பெயரில் பட்டியல் எழுதுங்கள், பிராண்டு பெயரில் அல்ல

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. நோட்டில் சிறிய எழுத்தை எழுதுங்கள். ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40, மெட்டோப்ரோலால் 25, ராமிப்ரில் 2.5 என்பது போல. அடைப்புக்குள் பிராண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் இந்தச் சிரமம்? கடையில் ஒரு பிராண்டு தீர்ந்துவிட்டால் வேறு கம்பெனி அட்டை வரும். பிராண்டு பெயரை மட்டும் தெரிந்தவருக்கு அது புது மாத்திரையாகத் தெரியும். பழையது இன்னும் நாலு மீதி இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடுவார்.

எழுதும்போது பெயருக்குப் பின்னால் வரும் வாலையும் விடாதீர்கள். மெட்டோப்ரோலால் சக்சினேட் என்பது மெதுவாகக் கரைவது, பொதுவாக ஒரு நாளுக்கு ஒருமுறை. மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் சீக்கிரம் கரைவது, பெரும்பாலும் இரண்டு வேளை. பெயர் பாதி ஒன்று என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கக் கூடாது.

சம்மரியில் இருக்கும் குறியீடுகளையும் இப்போதே தமிழில் எழுதிவிடுங்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை, பி.டி. என்றால் இரண்டு முறை, எச்.எஸ். என்றால் படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசி ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு, நெஞ்சுவலி வந்தால் வைக்க வேண்டிய மாத்திரையைத் தினமும் இரவு விழுங்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

2. பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டு, இரட்டிப்பைப் பிடியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நம் ஊரில் கூட்டு மருந்துகள் ஏராளம். ஈகோஸ்பிரின் என்றால் ஆஸ்பிரின் மட்டும். ஈகோஸ்பிரின் ஏ.வி. என்றால் ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும். ஈகோஸ்பிரின் கோல்டு என்றால் இந்த இரண்டோடு குளோபிடோக்ரலும். கிளோபிடாப் என்பது குளோபிடோக்ரல் மட்டும். கிளோபிடாப் ஏ என்றால் அதில் ஆஸ்பிரினும் இருக்கிறது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

நடப்பது இப்படி. ஆஸ்பத்திரியில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு மாதம் கழித்து ஊரில் வேறொரு மருத்துவர் சுலபமாக இருக்கட்டும் என்று மூன்றையும் சேர்த்து ஒரே கேப்சூலாக எழுதுவார். வீட்டில் பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்று இரண்டும் ஓடும். சில நாளில் பல் தேய்த்தால் ரத்தம், கையில் காரணமில்லாமல் நீலத் தழும்பு. 'வயசாயிடுச்சு, அதான்' என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

பி.பி. மாத்திரையிலும் இதே கதைதான். டெல்மா என்றால் டெல்மிசார்டன், டெல்மா ஏ.எம். என்றால் அதோடு அம்லோடிபின், டெல்மா எச். என்றால் டெல்மிசார்டனோடு நீர் பிரிக்கும் மருந்து. ஏற்கெனவே டெல்மிசார்டன் சாப்பிட்டவருக்கு ஆஸ்பத்திரியில் ராமிப்ரில் புதிதாக எழுதியிருந்தால், பழையதைத் தொடரலாமா என்று கேட்காமல் இரண்டையும் போடாதீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் வேலை செய்பவை. சேர்ந்தால் பி.பி. அதிகம் இறங்கும், சிறுநீரகம் பாதிக்கப்படும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்.

நோட்டில் ஒரே மருந்து இரண்டு வரியில் வந்தால் வட்டம் போடுங்கள். எதை நிறுத்துவது என்று நீங்களே முடிவெடுக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். நிறுத்தச் சொன்ன அட்டைகளை வீட்டில் வைக்கவே வேண்டாம். 'அப்புறம் தேவைப்படும்' என்று எடுத்து வைத்தது, மூன்று மாதம் கழித்து யாரோ தவறி எடுத்துப் போடத்தான் உதவும்.

3. ஒவ்வொன்றின் எதிரிலும் எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள்

காரணம் தெரிந்தவர் மருந்தைப் பாதியில் விடுவது குறைவு.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், டிக்காக்ரெலோர், பிரசுக்ரெல்: தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தம் உறையாமல் தடுப்பவை. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு மற்ற மூன்றில் ஒன்றைச் சேர்த்து, பொதுவாக 12 மாதம் தருவார்கள். அதன் பிறகு ஒன்று மட்டும் தொடரும். ஸ்டென்ட் வைத்த தேதியை இந்த வரியிலேயே எழுதுங்கள். முதல் சில மாதங்களில் இதைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து இன்னொரு மாரடைப்பு வரலாம். முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிரசுக்ரெல் கூடாது. அந்த வரலாறு உங்கள் சம்மரியில் விடுபட்டிருந்தால் சொல்லிவிடுங்கள்.

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின்: கொழுப்பு மாத்திரை என்று பெயர் வாங்கிவிட்டதால், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்த அன்றே நிறுத்திவிடுகிறார்கள். நார்மலாக வந்ததே மாத்திரையால்தான். ரத்தக் குழாய்க்குள் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு உடையாமல் வைத்திருப்பதும் இதன் வேலை.

மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால்: இதயத் துடிப்பைக் குறைத்து, இதயத்துக்கு வேண்டிய ஆக்ஸிஜன் அளவைக் குறைப்பவை. சட்டென்று நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலி திரும்பும். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்ப்பது மட்டும் தெரியும்.

ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை: பி.பி. நார்மலாக இருப்பவருக்கும் எழுதுவார்கள். மாரடைப்புக்குப் பின் இதயம் வீங்கித் தளராமல் காக்கத்தான். 'எனக்குப் பி.பி. இல்லையே' என்று இதை மட்டும் பொறுக்கி எடுத்துப் போடாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நிக்கோரண்டில், ரனோலசின், டிரைமெட்டாசிடின்: நெஞ்சுவலி வராமல் தடுக்கத் தினமும் விழுங்குபவை. வந்த வலியை உடனே தணிக்கும் வேலை இவற்றுடையது அல்ல.

4. நேரத்தைச் சாப்பாட்டோடு மட்டும் கட்டாதீர்கள்

'1-0-1' என்று எழுதியிருந்தால் காலையும் இரவும். இது புரிந்துவிடும். சிக்கல் விரத நாளில் வருகிறது. அமாவாசை, கிருத்திகை என்றால் சாப்பாடு இல்லை, ஆகவே மாத்திரையும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டும் வெறும் வயிற்றிலும் வேலை செய்யும். ஆஸ்பிரின் வயிற்றை எரிக்கிறது என்றால் ஒரு டம்ளர் பாலோ பழமோ போதும். நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலவற்றுக்கு மட்டும் நேரம் முக்கியம். மோனோநைட்ரேட்டை இரண்டு வேளை எழுதியிருந்தால் காலை எட்டு, பிற்பகல் மூன்று என்பது போல வரும். காலை எட்டு, இரவு எட்டு என்று நீங்களாகச் சமமாகப் பிரிக்காதீர்கள். இரவு முழுவதும் உடம்பில் இந்த மருந்து இல்லாத இடைவெளி வேண்டும். இல்லையென்றால் உடம்பு பழகிப்போய் மருந்து பலிக்காது. டிக்காக்ரெலோர் 90 இதற்கு நேர்மாறு. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளையும் வேண்டும்.

ஒரு வேளை விட்டுப்போனால், அன்றைக்கே சீக்கிரம் நினைவு வந்தால் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடுவது எந்த மருந்துக்கும் கிடையாது.

நாள்வாரி மாத்திரைப் பெட்டி நல்ல விஷயம், ஆனால் எல்லாவற்றையும் அதில் கொட்டாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான் கேப்சூல் ஈரக்காற்றில் கெட்டுவிடும். அதன் சொந்த அட்டையிலோ புட்டியிலோதான் இருக்க வேண்டும், உடைத்தும் போடக் கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரைகளை அம்மியில் நசுக்கித் தேனில் குழைத்துத் தருவதும் தவறு. ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்றால் கேட்டு வேறு வடிவம் வாங்குங்கள்.

5. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தனியாக வையுங்கள்

நெஞ்சுவலி வந்ததும் வைக்க வேண்டிய சார்பிட்ரேட் 5 என்ற சின்ன மாத்திரை. இதில் இருப்பது ஐசோசார்பைடு டைநைட்ரேட். மோனோட்ரேட் என்பது வேறு. அது விழுங்கும் மோனோநைட்ரேட். இரண்டு அட்டையும் ஒரே டப்பாவில் கிடந்தால், அவசரத்தில் கை தவறானதைத்தான் எடுக்கும். சார்பிட்ரேட் சட்டைப் பையில் ஒன்று, படுக்கை அருகில் ஒன்று என்று இருக்கட்டும். பீரோவில் பூட்டி வைத்தால் யாருக்கு என்ன பயன்?

வலி வந்ததும் செய்ய வேண்டிய வரிசை:

முதலில் உட்காருங்கள். இந்த மருந்து ரத்தக் குழாய்களை விரிப்பதால் பி.பி. சட்டென்று இறங்கும். நின்றுகொண்டே வைத்தவர் பாத்ரூமில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வது இப்படித்தான்.

பிறகு நாக்குக்கு அடியில் ஒன்று. விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. வாய் வறண்டிருந்தால் முன்னதாக ஒரு மடக்கு தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். தலை விண்ணென்று வலிக்கலாம், முகம் சூடாகலாம். பயப்பட வேண்டாம்.

கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் 108. வண்டி வரும் வரை 5 நிமிடத்துக்கு ஒன்றாக மொத்தம் மூன்று வரைக்கும் வைக்கலாம். மூன்றையும் முடித்துவிட்டுப் பிறகு போன் செய்வோம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு.

மேல் பி.பி. 90க்குக் கீழே இருந்தாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ வைக்க வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரமும் ஆகவில்லை என்றாலும் கூடாது, பி.பி. அபாயமாக இறங்கிவிடும். கூச்சத்தால் இதை மனைவியிடமும் சொல்லாதவர்கள் அதிகம். ஆம்புலன்ஸ்காரரிடமாவது சொல்லுங்கள்.

6. அவசரத்தில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் தவறு மிக மோசமானது.

மாரடைப்பு என்று தோன்றினால், 108ஐ அழைத்த பிறகு, ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லாதவருக்கு, அவர்கள் சொன்னால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கத் தரலாம். 75 என்றால் நான்கு, 150 என்றால் இரண்டு. மென்றுதான் விழுங்க வேண்டும், முழுதாக விழுங்கினால் இந்த மாத்திரைகளின் மேல் உறை வயிற்றில் கரையாமல் தாமதப்படுத்தும். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் கிடைக்கிறது. ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோக்ரல் 75 நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு என மொத்தம் 14 மாத்திரை. கிராமத்தில் இருப்பவர்கள் பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று தயங்காமல் அங்கே முதலில் போகலாம். அங்கே போட்ட மாத்திரைகளை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் திரும்பவும் கொடுத்துவிடக் கூடாது.

பக்கவாதம் என்றால் வாயில் எதுவுமே கூடாது. வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் ஆஸ்பிரினும் வேண்டாம், காபியும் வேண்டாம். பக்கவாதம் அடைப்பாலும் வரும், மூளைக்குள் ரத்தக் கசிவாலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கும். விழுங்கும் சக்தியும் போயிருக்கலாம், மாத்திரை மூச்சுக்குழாயில் போய்விடும்.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போது தெரிந்தது என்றால், எழுந்த நேரத்தைச் சொல்லாமல் படுக்கும் முன் நன்றாக இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசி வேளை எப்போது என்பதையும் கேட்பார்கள். ஊசி போடலாமா என்பது அதையும் பொறுத்தது. உங்கள் நோட்டைக் கையோடு எடுத்துப் போவது இதற்குத்தான்.

7. அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு

இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போய், அதனால் பக்கவாதம் வந்தவர்களுக்கும் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் இவை. அசிட்ரோம் என்பது அசினோகூமரால். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து அளவை மாற்றுவார்கள். துடிப்புக் கோளாறுக்குப் பொதுவாக 2 முதல் 3க்குள். ஒவ்வொரு முறையும் தேதி, ஐ.என்.ஆர்., அன்றிலிருந்து போட வேண்டிய அளவு என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

கீரையை முழுக்க நிறுத்தச் சொல்லித் திரிகிறார்கள். தேவையில்லை. முருங்கைக்கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவைத் தொடர்ந்தால் மருந்தை அதற்கேற்ப வைப்பார்கள். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்து, அடுத்த வாரம் தினமும் சாப்பிடுவதுதான் பிரச்சினை.

ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான், ரிவராக்சபான் போன்றவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. ரிவராக்சபான் 15, 20 இரண்டையும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இல்லையென்றால் உடம்பில் சரியாகச் சேராது.

8. முதல் இரண்டு மாதம் கவனிக்க வேண்டியவை

ராமிப்ரில் தொடங்கி ஓரிரு வாரத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார்கள், தவிர்க்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. வறட்டு இருமல் ஒட்டிக்கொண்டால் இருமல் மருந்தாக வாங்கிக் குடிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. உதடோ நாக்கோ வீங்கினால் அவசரம், உடனே ஆஸ்பத்திரி.

டிக்காக்ரெலோரில் மூச்சு வாங்குவது போல இருக்கலாம். இதயம் மோசமாகிறது என்று பயப்படுவார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் முன் போய்க் காட்ட வேண்டும். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும். நிக்கோரண்டிலில் ஆறாத வாய்ப்புண் வரும். ஸ்டாட்டின் வகை கொழுப்பு மாத்திரை போடும்போது தசை முழுக்க வலித்துச் சிறுநீர் கறுத்தால் அன்றே சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலும் அப்படியே, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடாத நிலையில்.

கொழுப்புப் பரிசோதனை நாலு முதல் எட்டு வாரத்தில். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை 55க்குக் கீழே கொண்டுவரப் பல மருத்துவர்கள் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' 100 வரை என்று இருக்கும். அது நோய் வராதவர்களுக்கான கணக்கு.

9. வேறு மருந்து வாங்கும் முன் நோட்டைக் காட்டுங்கள்

முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதய மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றுதான். இவை ரத்தக் கசிவையும் மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கும். சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும்.

குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் வயிற்று எரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வாங்கக் கூடாது. குளோபிடோக்ரல் உடம்புக்குள் போய்த்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தை இது குறைத்துவிடும். பான்டோப்ரசோல் என்றால் அந்தத் தொல்லை குறைவு.

மருதம்பட்டைக் கஷாயம், பூண்டு கேப்சூல், மீன் எண்ணெய் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குழம்பில் போடும் பூண்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

10. பல் பிடுங்கும் முன், ஆபரேஷனுக்கு முன்

பல் மருத்துவரோ கண் மருத்துவரோ 'ரத்தம் மெலிதாக்கும் மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க' என்று சொன்னால், நேராகத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஸ்டென்ட் வைத்த தேதியைக் காட்டி, இதய மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். சாதாரணமாகப் பல் எடுக்க ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. கடித்துப் பிடிக்கும் பஞ்சிலேயே ரத்தம் நின்றுவிடும். ஒத்திவைக்கக்கூடிய ஆபரேஷன் என்றால் ஒத்திவைப்பார்கள்.

உண்மையிலேயே நிறுத்த வேண்டியிருந்தால் மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள்: எந்த மருந்து, எந்த நாளிலிருந்து, திரும்ப எப்போது தொடங்குவது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புண் ஆறிய பிறகும் மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும்.